"மொத்தமா வச்சுக் கட்டிட்டா என்னப்பா?" – ஜெல்லுக்குள் மாட்டிய புரதம் எப்படி வெளியே வருகிறது

போன வருஷம் பெரியப்பாவுக்குக் காலில் புண். வலது பாதத்தின் அடியில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. சர்க்கரை இருபது வருஷமாக இருக்கிறது. செருப்பு கடித்ததே தெரியவில்லை, ஏனென்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வீட்டுத் தரையில் ஈரத் தடம் பார்த்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார்.

பெரியப்பா சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டியவர். ராஜபாளையத்தைச் சுற்றியுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் தறிச்சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது சேலைக்கோ வேட்டிக்கோ இல்லை. பேண்டேஜ் துணிக்கு. ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் வைக்கிறார்களே, அந்தக் காஸ் துணி. நாற்பது வருஷம் அதை நெய்தவர் காலில் அதே துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்திருந்தார். வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கலந்த ஜெல். தினமும் புண்ணைக் கழுவி, மெல்லிசாகத் தடவி, கட்டுப் போட வேண்டும். விலையும் அதிகம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் ஹைட்ரோஜெல்லில்தான் வேலை பார்க்கிறேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்ன வேலை என்பதுதான் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது பெரியப்பா கேட்டார்:

"ஏம்ப்பா, தெனமும் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறதுக்கு, மொத்தமா ஒரே தடவையில நெறைய வச்சுக் கட்டிட்டா என்ன? அதுபாட்டுக்கு உள்ள எறங்கிட்டு இருக்கும்ல?"

என் ஆராய்ச்சித் துறை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஜெல் என்பது நெய்யாத துணி

ஹைட்ரோஜெல் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி வழுவழு என்று இருப்பது, ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின், கடல்பாசியில் செய்யும் ஜெல்லி எல்லாமே ஹைட்ரோஜெல்தான். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அங்கங்கே கட்டப்பட்டு ஒரு வலையாக இருக்கும், அந்த வலைக்குள் தண்ணீர் நிற்கும். எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீராக இருந்தும் ஓடாமல் நிற்பதற்குக் காரணம் அந்த வலை. சங்கிலிகள் கட்டப்பட்ட இடத்தைக் குறுக்குப் பிணைப்பு என்பார்கள்.

இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர்கள் பிராகில் இருந்த ஒட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும். உடலுக்கு ஒத்துப்போகும் நீர் உறிஞ்சும் ஜெல் பற்றி 1960-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இன்றைய மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அங்கிருந்து வந்ததுதான்.

பெரியப்பாவுக்கு நான் சொன்னது இப்படி: "பேண்டேஜ் துணியில பாவும் ஊடையும் இருக்குல்ல? ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை. ஜெல்லும் அதே மாதிரிதான், நூலு மட்டும் ரொம்ப ரொம்பச் சின்னது." இஞ்சுக்கு எத்தனை இழை என்று விரலாலேயே எண்ணுகிறவருக்கு இது உடனே பிடித்துவிட்டது.

காஸ் துணியின் ஓட்டை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஹைட்ரோஜெல் வலையின் ஓட்டை பொதுவாக 5 முதல் 100 நானோமீட்டர். அதாவது துணி ஓட்டையைவிடப் பத்தாயிரம் மடங்கிலிருந்து இரண்டு லட்சம் மடங்கு வரை சின்னது. புரதங்களும் அதே அளவுகளில் இருப்பதுதான் இங்கே விஷயம். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் கிட்டத்தட்ட 4 நானோமீட்டர். மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் சுமார் 7. எதிர்ப்புரதம், அதாவது ஆன்டிபாடி, 10-ஐ ஒட்டி.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. தேர் ரத வீதியில்தான் போக முடியும், சந்துக்குள் திரும்பாது. சைக்கிள் எந்தச் சந்திலும் போகும். நடுவில் கார் இருக்கிறதே, அது சந்துக்குள் போகும், ஆனால் உரசி உரசி, நின்று நின்று. ஓட்டையைவிட மிகச் சின்ன புரதம் ஜெல்லில் சைக்கிள் மாதிரி, ஏறக்குறைய தண்ணீரில் போகும் வேகத்திலேயே போகும். ஓட்டைக்குச் சற்றே சிறிய புரதம் கார். பெரிய புரதம் தேர்: சந்து அகலமானால்தான், இல்லை சுவர் இடிந்தால்தான் வெளியே வரும்.

ஒரு வித்தியாசம் உண்டு. துணி நூல் அசையாது. ஜெல்லின் சங்கிலிகள் எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும், அதனால் ஓட்டையின் அளவு ஒரு நிலையான எண் இல்லை, ஒரு சராசரி.

நேரம், தூரத்தின் இருமடி

யாரும் தள்ளாமல், தானாக, நெரிசலான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு மூலக்கூறுகள் பரவுவதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் விரவல் என்று படித்தோம். இதற்கான விதியை அடால்ஃப் ஃபிக் 1855-ல் எழுதினார். 1861-ல் லண்டனில் தாமஸ் கிரஹாம் ஒரு விஷயம் கவனித்தார்: உப்பு போன்றவை ஜெல்லிக்குள் தண்ணீரில் போவது போலவே போகின்றன, பசை போன்ற பெரிய பொருட்கள் அப்படிப் போவதில்லை. 'ஜெல்' என்ற சொல்லே அவரிடமிருந்து வந்தது.

விரவலில் நினைவு வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு மடங்கு தூரம் போக இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு.

வீட்டிலேயே பார்க்கலாம். கடல்பாசியைக் காய்ச்சி ஒரு உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி உறையவிடுங்கள். மேலே இரண்டு ஸ்பூன் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜுக்கு வெளியே அசையாமல் வையுங்கள். தினமும் நிறம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். முதல் நாள் 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், 2 சென்டிமீட்டர் இறங்க நான்காம் நாள் வரை ஆகும். 3 சென்டிமீட்டருக்கு ஒன்பதாம் நாள். அதற்குள் ஜெல்லியில் பூஞ்சை பிடித்துவிடும், அது வேறு கதை.

இப்போது புரதத்துக்குக் கணக்குப் போடலாம். ஆல்புமின் தண்ணீரில் விரவும் அளவு, வினாடிக்குச் சுமார் 6×10⁻¹¹ சதுர மீட்டர். தூரத்தின் இருமடியை இதால் வகுத்தால் தோராயமான நேரம் கிடைக்கும்.

1 மில்லிமீட்டர் தூரம்: சுமார் 4½ மணி நேரம்.
2 மில்லிமீட்டர்: சுமார் 18½ மணி நேரம்.
10 மில்லிமீட்டர்: சுமார் 19 நாள்.

ஆக, பெரியப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது! தடிமனாக வைத்தால் நேரம் இருமடியாக நீளும். ஒரு சென்டிமீட்டர் தடிமன் வைத்தால் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் ஏன் செய்வதில்லை? உள்ளங்காலில் ஒரு சென்டிமீட்டர் ஜெல்லை வைத்து யாரும் நடமாட முடியாது என்பது முதல் காரணம். ஆனால் அதைவிட முக்கியமான மூன்று காரணங்கள் இருக்கின்றன.

காரணம் 1: முதலில் கொட்டும், பிறகு சொட்டும்

1961-ல் டகேரு ஹிகுச்சி, களிம்பிலிருந்து மருந்து வெளியேறுவதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். வெளியே வந்த மொத்த மருந்து நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும் என்பது அதன் சாரம். தட்டையான ஜெல்லில் கரைந்திருக்கும் புரதத்துக்கும், முதல் 60 சதவீதம் வரை, இதே வடிவம்தான் வரும்.

எண்ணாகச் சொன்னால் புரியும். முதல் ஒரு மணி நேரத்தில் 10 சதவீதம் வெளியே வந்தது என்று வையுங்கள். 20 சதவீதம் ஆக 4 மணி நேரம். 30-க்கு 9 மணி. 40-க்கு 16. 50-க்கு 25. 60-க்கு 36. முதல் மணி நேரத்தில் 10 சதவீதம் வந்தது, முப்பத்தாறாவது மணி நேரத்தில் 1 சதவீதம்கூட வராது.

ஏன் என்று பார்த்தால், தேர் நிலைக்கு வந்தபிறகு கூட்டம் கலைவது மாதிரிதான். ஓரத்தில் நின்றவர்கள் உடனே பஸ் ஏறிவிடுவார்கள். நடுவில் மாட்டியவர்கள் வெளியே வரவே நேரமாகும்.

ஜெல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் உடனே கொட்டிவிடுவதை எங்கள் துறையில் 'பர்ஸ்ட்' என்பார்கள். இது சும்மா வீண் என்பதோடு நிற்பதில்லை. பிஎம்பி-2 என்ற எலும்பு வளர்க்கும் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் வைக்க அமெரிக்காவின் எஃப்டிஏ 2002-ல் அனுமதி கொடுத்தது. கழுத்துப் பகுதிக்கு அந்த அனுமதி இல்லை. இருந்தும் அங்கே பயன்படுத்தியபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுவிடவே சிரமமானது, 2008 ஜூலையில் எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. உடலில் இயல்பாக இருக்கும் அளவைவிட மிக மிக அதிகமான புரதம், சீக்கிரமே வெளியேறும் பஞ்சில். எவ்வளவு என்பது போலவே எவ்வளவு வேகத்தில் என்பதும் மருந்தின் பகுதி என்று சொல்ல எங்கள் ஆட்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

காரணம் 2: புண்ணுக்குள் கத்திரிக்கோல்கள்

ஆறாத சர்க்கரைப் புண்ணில் புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைய இருக்கும். நல்ல காயத்தில் இவை வந்து குப்பையை அகற்றிவிட்டுக் குறைந்துவிடும். ஆறாத புண்ணில் குறைவதில்லை. நாம் வைக்கும் வளர்ச்சிக் காரணியும் இவற்றுக்குத் தீனிதான்.

இதற்கு மூன்று நாடுகளில் மூன்று விதமான வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1997-ல் பெகாப்ளெர்மின் ஜெல் வந்தது. பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, ஒரு கிராமுக்கு 100 மைக்ரோகிராம். நாளுக்கு ஒருமுறை தடவி, 12 மணி நேரம் வைத்து, கழுவிவிட்டு, ஈரக் காஸ் வைக்க வேண்டும். நம் நாட்டில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், இஜிஎஃப் என்ற வேறு காரணியை 'ரீஜென்-டி 150' என்ற பெயரில் ஜெல்லாகக் கொண்டுவந்தது, ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராம். கியூபா மூன்றாவது வழியில் போனது. மேலே தடவினால் நொதிகள் வெட்டிவிடும், ஆழத்துக்கும் இறங்காது என்று, 2006-ல் பதிவான 'ஹெபர்ப்ராட்-பி' மருந்தில் அதே இஜிஎஃப்பை வாரம் மூன்று முறை புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள்.

மூன்றிலும் ஒன்று பொது: திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். இஜிஎஃப் 53 அமினோ அமிலங்களே உள்ள குட்டிப் புரதம், எந்தச் சந்திலும் நுழையும் சைக்கிள். பெகாப்ளெர்மின் ஜெல்லில் இருக்கும் வலையோ இறுக்கிக் கட்டிய வலை இல்லை, நீண்ட சங்கிலிகள் சும்மா பின்னிக்கிடக்கும் கெட்டியான கரைசல். பிடித்து வைக்காது.

அந்தச் சங்கிலி எது தெரியுமா? கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். பருத்தியிலும் மரத்திலும் இருக்கும் அதே செல்லுலோஸைக் காரத்திலும் குளோரோஅசிட்டிக் அமிலத்திலும் வினைப்படுத்தி, தண்ணீரில் கரைய வைத்தது. பெரியப்பா நெய்த துணியும் அடிப்படையில் அதே சங்கிலிதான். காடா துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், பருத்தியின் மேல் இருக்கும் மெழுகு காரணம். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்த பிறகுதான் சில நொடிகளில் நனைந்து மூழ்கும், அப்போதுதான் அது பேண்டேஜ். ஒரு படி மேலே போய் ரசாயனத்தை மாற்றினால் ஜெல். இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கணுமே. "அப்ப எல்லாம் நம்ம பருத்திதானா!" என்றார்.

காரணம் 3: வெளியே வந்ததும் வேலை செய்வதும் ஒன்றல்ல

இங்கே என் சொந்தக் கதை.

முனைவர் பட்டத்தின் முதல் வருஷம். சோடியம் ஆல்ஜினேட் 2 சதவீதக் கரைசல். கடற்பாசியிலிருந்து எடுப்பது, நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் பழுப்புப் பாசிகளிலும் இருக்கிறது. அதில் புரதத்தைக் கலந்து, சிரிஞ்சால் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் கிடைக்கும். அவற்றை 37 டிகிரியில் ஒரு குழாயில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1 மணி, 2 மணி, 4 மணி, 8 மணி, மறுநாள் என்று 1 மில்லி எடுத்து, அதற்குப் பதிலாக 1 மில்லி புதிதாக ஊற்றி, எவ்வளவு புரதம் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு கூமாசி நீலம் என்ற சாயம். 1976-ல் பிராட்ஃபோர்ட் கண்டுபிடித்த முறை. கூமாசி முதலில் கம்பளிக்குப் போட்ட சாயம் என்பதைக் கேட்டுப் பெரியப்பா மறுபடியும் சந்தோஷப்பட்டார்.

முதல் தடவை எல்லா ஆய்வகத்திலும் ஊற்றுவது போலப் பாஸ்பேட் கரைசலை ஊற்றினேன். மறுநாள் காலை உருண்டைகளையே காணோம். பாஸ்பேட், கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டது. குறுக்குப் பிணைப்பே கால்சியம்தான், அது போனால் வலை அவிழ்ந்துவிடும். நான் அளந்தது விரவல் இல்லை, வலை கரைந்த கதை.

இரண்டாவது தடவை பாஸ்பேட் இல்லாத, உப்பும் அதிகம் இல்லாத கரைசல். ஆல்புமின் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டது. லைசோசைம் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம் ஆகியும் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. எனக்கு ஒரே குஷி. சின்னப் புரதம், ஆனால் மெதுவாக வருகிறது! 'நீடித்த வெளியீடு' என்று பெரிய எழுத்தில் ஸ்லைடு போட்டு ஆய்வகக் கூட்டத்தில் காட்டினேன்.

என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மிச்சம் எங்கம்மா?"

பதில் இல்லை. வெளியே வராதது உள்ளே இருக்கலாம். குழாயின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டியிருக்கலாம். உருண்டை செய்யும்போதே கால்சியம் கரைசலில் கசிந்து போயிருக்கலாம். கெட்டுப்போய்த் திரண்டிருக்கலாம். போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வரவுசெலவுக் கணக்கு முடியாமல் வரைபடம் போடக்கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

உருண்டைகளை சோடியம் சிட்ரேட்டில் கரைத்துப் பார்த்தேன். லைசோசைம் உள்ளேதான் இருந்தது. காரணம் அளவு இல்லை, மின்னூட்டம். லைசோசைம் நேர் மின்னூட்டம் கொண்டது, ஆல்ஜினேட் சங்கிலி எதிர் மின்னூட்டம். ஒட்டிக்கொண்டது. ஆல்புமின் எதிர் மின்னூட்டம், யாரும் பிடிக்கவில்லை, போய்விட்டது.

சரி, அதுவும் நல்லதுதானே? இல்லை. உடலில் இருப்பது உப்புத் தண்ணீர். கொஞ்சம் கால்சியமும் 0.9 சதவீதம் உப்பும் போட்டு மறுபடி வைத்தேன். உப்பு அந்த ஒட்டலை மறைத்துவிட்டது, ஒரு வாரம் வராத லைசோசைம் ஒரே நாளில் பெரும்பகுதி வந்துவிட்டது. என் 'நீடித்த வெளியீடு', புண் இல்லாத, உப்பு இல்லாத, வெறும் குழாயில் மட்டும் நடக்கிற அதிசயம்.

மூன்றாவது பாடம் கடைசியில் வந்தது. கூமாசி நீலம், புரதம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அவித்த முட்டையிலும் புரதம் இருக்கிறது, அதை அடை வைத்துக் குஞ்சு பொரிக்க முடியாது. லைசோசைமின் வேலை பாக்டீரியாவின் சுவரை உடைப்பது. மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவைக் கலங்கலாகக் கரைத்து, அதில் நம் லைசோசைமை விட்டால், கலங்கல் தெளிய வேண்டும். எவ்வளவு வேகமாகத் தெளிகிறதோ அவ்வளவு வேலை. என் மாதிரிகளில் முதல் நாளில் வந்தது நன்றாகத் தெளிவித்தது. பத்தாம் நாள் வந்தது, அதே நீலம் காட்டினாலும், தெளிவித்தது குறைவு. பத்து நாள் 37 டிகிரியில் இருந்தால் புரதம் களைத்துப் போகும்.

பெரியப்பாவின் 'மொத்தமா வச்சுக் கட்டிட்டா' யோசனைக்கு இதுதான் பெரிய இடி. வாரக்கணக்கில் வெளியே வரும் ஜெல் செய்யலாம். கடைசி வாரத்தில் வருவது மருந்தாக இருக்க வேண்டுமே.

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது, பல பேர் பல திசையில் தேடுகிறார்கள். ஒரு காலத்தில் பெரிய மூலக்கூறுகளை பாலிமரிலிருந்து மெதுவாக வெளியே விடவே முடியாது என்று நம்பினார்கள். 1976-ல் பாஸ்டனில் ராபர்ட் லாங்கரும், அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மனும் முடியும் என்று 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பாலிமருக்குள் புரதப் பொடியைக் கலந்தால், பொடி கரைந்து கரைந்து வளைந்து நெளிந்த சந்துகள் உண்டாகின்றன, அதன் வழியாக மெதுவாக வெளியே வருகிறது.

இன்றைக்கு மூன்று வழிகள் பிரபலம்.

ஒன்று, வலையை இறுக்கிப் புரதத்தைத் தேர் மாதிரி மாட்டிவைத்து, வலையே மெதுவாகக் கரைய வைப்பது. கரையும் வேகம்தான் வெளியேறும் வேகம்.

இரண்டு, புண்ணின் கத்திரிக்கோலையே வேலைக்கு வைப்பது. ஜெஃப்ரி ஹப்பெல் குழு செய்ததைப் பாருங்கள்: வலையின் கட்டுகளை, அந்த நொதிகள் வெட்டக்கூடிய குட்டிப் பெப்டைடுகளால் போட்டார்கள். செல்கள் நொதியை விட்டுக்கொண்டு உள்ளே வரும்போது வலை அந்த இடத்தில் மட்டும் அவிழ்ந்து புரதத்தைக் கொடுக்கும். கேட்டவர்களுக்குக் கேட்ட இடத்தில் கொடுப்பது.

மூன்று, என் லைசோசைம் தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்வது. பல வளர்ச்சிக் காரணிகள் ஹெப்பாரினோடு இயல்பாகவே ஒட்டும். ஜெல் சங்கிலியில் ஹெப்பாரினைக் கோத்துவிட்டால், புரதம் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். ஒவ்வொரு ஒட்டலும் தாமதம். ஹெப்பாரினோடு ஒட்டியிருக்கும்போது சில காரணிகளை நொதிகளாலும் சுலபமாக வெட்ட முடிவதில்லை. உடம்பே நம் திசுக்களில் இந்த முறையில்தான் சேமித்து வைக்கிறது. உப்பில் எவ்வளவு தாங்கும் என்று முதல் நாளே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் இப்போது செய்வது இந்த மூன்றாவது வழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேலை.

பெரியப்பாவுக்கு என் பதில்

ஆக, அவர் கேள்விக்கு: மொத்தமாக வைத்தால் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே கொட்டிவிடும். கொட்டியதில் பெரும்பங்கை நொதிகள் தின்றுவிடும். உள்ளே தங்கியது வெளியே வருவதற்குள் களைத்துவிடும். காசும் வீண். அதனால்தான் தினமும் மெல்லிசாக. தினமும் பிரிப்பதில் இன்னொரு லாபம், புண்ணை ஒருவர் தினமும் பார்க்கிறார். சிவப்பு, நாற்றம், சீழ் எதுவும் ஒரு வாரம் கட்டுக்குள் மறைந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெல்லை விட அதற்கு மேல் கீழ் நடப்பது முக்கியம். 1962-ல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் மேல்தோல் காயங்களைப் பாலித்தீனால் மூடி வைத்துப் பார்த்தார். காய்ந்து பொருக்குத் தட்டியவற்றைவிட ஈரமாக இருந்தவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடின. அந்த ஈரமே பாதி மருந்து. அதோடு சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்த ஓட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடத்தில் கால் ஊன்றாமல் இருப்பது. தினமும் மிதித்துக்கொண்டே இருக்கும் புண்ணில் எந்தப் புரதம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பெரியப்பாவுக்குக் கடினமாக இருந்தது இதுதான். தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்ற மனுஷன், கால்மேல் கால் போட்டு உட்காரச் சொன்னால் கோபம் வந்தது.

புண் மூட ஐந்து மாசம் ஆனது. ஜெல் எவ்வளவு உதவியது, தனிச் செருப்பு எவ்வளவு உதவியது, பெரியம்மாவின் கண்டிப்பு எவ்வளவு உதவியது என்று ஒரே ஒரு காலை வைத்துப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும்போது நான் பால்கோவா வாங்கிக்கொண்டு வரக்கூடாது என்ற பெரியம்மாவின் உத்தரவு மட்டும் இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

போன வாரம் இதையெல்லாம் மறுபடி பொறுமையாக விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, நீ செய்யுறது எப்பக் கடைக்கு வரும்?" என்றார்.

குழாயிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து மனுஷனுக்கு, பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மெதுவா வரட்டும். மிச்சத்துக்கு மட்டும் கணக்கு வச்சுக்க" என்றார்.